முதுமையில் மறதியும் உயிரின் இயல்பும்

மூப்பினாலே நினைவு நீங்கப்பெற்ற ஒருவர் முன்னிருந்த அவரேயோ, வேறொருவரோ? அவர்க்கு நாம் செய்யக் கடவதாயிருந்த கடன் அவர் நினைவோடு கூடத் தேய்ந்தொழியுமோ, முன்போலவே நிற்குமோ? இவ்வினாக்கள் நூல்வல்லார்க்கே உரியனவல்ல. வன்னிநாட்டுச் சிற்றூர்களிலே மறதியுற்ற முதியோரை வைத்துப் பேணுகின்ற இல்லங்களில் விளக்கு வைக்கும் வேளைதோறும் இவை எழுகின்றன. சைவசமயம் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் எமக்கு எழுதிய கடிதமே இவற்றை ஈண்டு ஆராயும்படி எம்மை ஏவியது. ஆசிரியர்களாகிய வாசகர் பலர்க்கு இது தம் வீட்டுச் செய்தியாகவே இருத்தலுங் கூடும்.

அவ்வம்மையார் முல்லைத்தீவு மாவட்டத்தினர். அவருடைய தாயார் எண்பது வயதைக் கடந்தவர். அத்தாயின் இளைய புதல்வன் 2009ஆம் ஆண்டு மே மாதத்தில், போர் முடிவுற்ற நாள்களிலே காணாமற்போனான். பல ஆண்டுகள் அத்தாய் புதல்வனின் நிழற்படத்தைக் கையிலேந்தி அலுவலகந்தோறும் சென்று வந்தார். அண்மைக் காலத்தில் அவர் நினைவு சுருங்கலாயிற்று. முதலில் அடுப்பில் வைத்த பானையை மறந்தார். பின்னர் அயலார் பெயரை மறந்தார். அதன்பின் போரையும், இடப்பெயர்வையும், செட்டிகுளத்து முகாமிலே கழித்த நாள்களையும் மறந்தார். புதல்வனை மாத்திரம் மறந்திலர். ஆயின் அவர் உள்ளத்தில் இப்பொழுதுள்ள புதல்வன் காணாமற்போன இளைஞனல்லன். புத்தகப்பையோடு பள்ளிக்கூடஞ் செல்லுஞ் சிறுவன். பொழுது படுகையில் அவர் படலையடியிற் போய் நின்று, “தம்பி வந்திட்டானோ?” என்று கேட்பார்.

மகளார் முதலில் உண்மையையே உரைத்தார். கேட்ட தாய் அச்செய்தியை அன்றுதான் முதன்முதற் கேட்டார்போல அலறி அழுதார், ஒரு நாழிகையில் அழுததையும் மறந்தார், மறுநாட் பொழுது படுகையில் மீண்டுங் கேட்டார், மீண்டும் அழுதார். இவ்வாறு சில நாட் சென்றபின் மகளார், “ரியூசனுக்குப் போட்டான் அம்மா, வருவான்” என்று சொல்லத் தொடங்கினார். தாய் அமைதியுற்றார். மகளார்க்கோ அமைதி போயிற்று. பகலிலே மாணாக்கர்க்கு வாய்மையென்னும் அதிகாரத்தைப் படிப்பித்துவிட்டு மாலையிலே பெற்ற தாய்க்குப் பொய்யுரைத்தல் தகுமோ, இது பாவமாகாதோ என்று எம்மை வினாவினார். அம்மா அங்கே இருக்கிறாரோ இல்லையோ என்பதே தமக்குச் சில வேளைகளில் ஐயமாயிருக்கிறது என்றும் எழுதியிருந்தார். எழுதுதற்கு அவர் நாணிய வாக்கியம் அது. ஆயினும் எஞ்சிய வினாவெல்லாம் அதன்மேலேயே நிற்றலின், அதனையே முன்னர் எடுத்துக்கொள்வோம்.

நம்மூரார் இந்நிலையை “அறளை பெயர்ந்தது” என்று கூறி அப்பாற் செல்வர். சொல்லிய அளவில் ஆராய்ச்சி முடிந்துவிட்டது போலும். மூப்பு வேறு, மறதி நோய் வேறு என்பது அறியற்பாலது. 1901ஆம் ஆண்டிலே செருமனி நாட்டுப் பிராங்பேர்ட் நகர மருத்துவமனையிலே 51 வயதினளாகிய ஒரு மாது சேர்க்கப்பட்டாள். அவளை அலோயிஸ் அல்சைமர் என்னும் வைத்தியர் பலகால் வினாவி, விடைகளை எழுதி வைத்தார். 1906ஆம் ஆண்டில் அவள் இறந்தபின் அவள் மூளையை நுணுக்குக்காட்டியால் ஆராய்ந்து, நரம்பணுக்களினுள்ளே முறுக்குண்ட இழைகளையும் அவற்றின் புறத்தே படிவுகளையுங் கண்டு, அவ்வாண்டிலேயே தூபிங்கன் நகரிற் கூடிய வைத்தியர் கூட்டத்தில் எடுத்துரைத்தார். அவர் பெயரே பின்னர் அந்நோய்க்குப் பெயராயிற்று. நம் ஈழநாட்டிலே றாகமைப் பகுதியில் 65 வயதும் அதற்கு மேலும் உடையாரை ஆராய்ந்து 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, நூற்றுக்கு ஏறக்குறைய நால்வரிடத்து மறதி நோய் உண்டெனக் கண்டது. ஆகவே, முதியோரிற் பெரும்பாலார் இந்நோயினரல்லர். இந்நோய் மூப்பின் தவறாத பயனுமன்று. மறதிபோலத் தோன்றுவனவற்றுட் சில உயிர்ச்சத்துக் குறைவினாலும், தைரொயிட்டுச் சுரப்பியின் குறையினாலும், ஆற்றாத் துயரினாலும் வருவன, அவற்றுக்கு மருந்துண்டு. ஆதலின் அறளை என்று ஒதுக்குமுன் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுதல் முதற்கடன்.

அந்தச் செருமன் மாது வைத்தியர் வினாக்களுக்கு விடை கூற மாட்டாதவளாகித் தான் தன்னையே இழந்துவிட்டதாகக் கூறினாள் என்பர். நம் ஆசிரியையின் ஐயமும் இதுவே. இதனைக் கேட்டவுடன் சைவசித்தாந்தங் கற்றார்க்குச் சிவஞானபோதத்தின் மூன்றாஞ் சூத்திரம் நினைவுக்கு வருதல் வேண்டும். ஆன்மா இல்லை என்பானை நோக்கி மெய்கண்டதேவர் கூறும் முதல் விடை யாது? இதுவுமன்று அதுவுமன்று என்று ஒவ்வொன்றாய்க் கழித்துக்கொண்டு வந்து, முடிவில் இல்லையென்று கூறுகின்ற அறிவு ஒன்றுளதன்றோ, அதுவே ஆன்மா என்பது. தன்னை இழந்தேன் என்று ஒருத்தி துயருற்றாளாயின், அத்துயர்க்கு உரியவள் ஒருத்தி அங்கே இருந்தாள். இழக்கப்பட்டது வேறு, இழந்தவள் வேறு. கண்ணிழந்தான் ஒருவன் “கண் போயிற்று” என்பதன்றி “யான் போயினேன்” என்னான். நினைவு கண்ணினும் நெருங்கிய கருவியாதலின், அது போகையில் யானே போயினேன் என்று மயங்க நேர்கின்றது.

நினைவு கருவியே என்பதை நான்காஞ் சூத்திரம் தெளிவிக்கும். மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் அந்தக்கரணங்களுள் ஒன்று ஆன்மாவன்று. அரசன் அமைச்சரோடு கூடி அரசு செலுத்துமாறுபோல ஆன்மா அவற்றோடு கூடி நின்று அறியும். பற்றியதனை விடாது சிந்தித்து நிற்பது சித்தத்தின் தொழில். அமைச்சருள் ஒருவன் நோயுற்றுக் கிடப்பின் அரசு தடுமாறும்; அரசன் இல்லையாகான்.

இங்கே ஒரு தடை நிகழும். “நினைவு கருவிதானே, உயிர்க்கு ஒரு குறையுமில்லை” என்று கூறி எளிதில் ஆறுதலடைவார் உளர். சித்தாந்தம் அவ்வாறு எளிய ஆறுதல் கூறுவதன்று. கருவிகளோடு கூடாத உயிர் இருளில் நின்ற கண்போல ஒன்றும் அறியாது கிடக்கும் என்று கூறி, அந்நிலைக்குக் கேவலம் என்று பெயரிட்டது நம் சாத்திரமே. உடம்பும் கரணங்களும் விடியுமளவும் இரவிற் கொளுத்தி வைத்த விளக்குப்போல உயிர்க்கு உதவுவன. விளக்கு மங்குதல் மெய்யான இழப்பே. அதனை இழப்பன்றென்பது அருகிலிருந்து பார்த்திராதார் பேச்சு. ஆயின் விளக்கு மங்கிய வீட்டிலே இருப்பார் இல்லாதாராகிவிட்டனர் என்றல் அதனினும் பெரும் பிழை.

இனி, மூன்றாஞ் சூத்திரத்திலே ஆன்மாவின் இயல்பாகக் கூறப்பட்ட மற்றொன்று ஈண்டு மிகவும் இன்றியமையாதது. உயிர் தானே அறிவதன்று, உணர்த்த உணர்வது. தானே எல்லாம் அறிபவன் இறைவன் ஒருவனே. உணர்த்தினும் உணராதது சடம். உயிரோ, காட்டினாற் காணுங் கண்போல, அறிவித்தால் அறியும். ஆசிரியத்தொழில் செய்வார் இவ்வுண்மையின் மேலன்றோ வாழ்கின்றனர்? உணர்த்த உணரும் இயல்பு உயிர்க்கு இல்லையாயின் பாடசாலை எதற்கு? நாம் நம் நினைவின் வலியாலே இவற்றையெல்லாம் வைத்திருக்கின்றோம் என்று எண்ணுகின்றோம். நாட்காட்டியும், நேரசூசியும், இடாப்பும், அயலிற் பிறர் சொல்லும் சொல்லும் இன்றி ஒரு கிழமை இருந்து பார்ப்போமாயின், நம் நினைவில் எத்தனை பங்கு பிறர் நமக்கு உணர்த்தியது என்பது விளங்கும். ஆகவே மறதியுற்ற தாய் உயிரின் இலக்கணத்தினின்றும் வழுவினாரல்லர். எல்லா உயிரும் உணர்த்துவாரை வேண்டி நிற்பன. நாம் அதனை மறைத்துக்கொண்டு நடமாடுகின்றோம், அவரால் மறைக்க இயலவில்லை. அவ்வளவே வேற்றுமை.

நினைவு நீங்குங்கால் சென்ற காலம் மாத்திரமே நீங்கும் என்று பலர் கருதுவர். வருங்காலமும் உடன் நீங்குதலை அணித்தாய்ப் பார்த்தாரே அறிவர். கனடாவின் ரொறன்ரோப் பகுதியிலே 1981ஆம் ஆண்டில் மோட்டார்ச் சைக்கிள் விபத்தினால் மூளை ஊறுபட்ட ஒருவரை எண்டெல் டல்விங் என்னும் உளநூலார் நெடுங்காலம் ஆராய்ந்தார். அவர் சதுரங்கம் ஆடுவார். தாம் முன்பு கற்ற பொதுச்செய்திகளை அறிவார். தம் வாழ்வில் நிகழ்ந்ததொரு நிகழ்ச்சியையேனும் தாம் அதனுள் நின்றதாக நினைக்க மாட்டார். நாளை யாது செய்வீர் என்று வினாவியபோது அவர் உள்ளம் வெறிதாயிருந்தது என்று 1985ஆம் ஆண்டில் டல்விங் எழுதினார். 2008ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர் சிலர், நோயற்ற முதியோரும் இளைஞரினும் சென்ற நிகழ்ச்சியைக் கூறும்போது எவ்வளவு நுண்செய்தி குறையக் கூறுகின்றனரோ, வருநிகழ்ச்சியை எண்ணும்போதும் அவ்வாறே குறையக் கூறுகின்றனர் என்று கண்டனர். நேற்றைக் கட்டிய கல்லாலேயே உள்ளம் நாளையைக் கட்டுகின்றது போலும்.

நம் தமிழ்மொழி இதனை நெடுங்காலத்துக்கு முன்னரே அறிந்து வைத்தது என்று பெருமை பேச யாம் வரவில்லை. ஆயினும் ஒன்றைச் சுட்டாதிருத்தற்கு இயலவில்லை. “ஊரை நினைக்கின்றேன்” என்னும்போதும் “நாளைக்குப் போக நினைக்கின்றேன்” என்னும்போதும் நாம் வழங்குஞ் சொல் ஒன்றே. பின்னோக்குதற்கும் முன்னோக்குதற்கும் நினைத்தல் என்னும் ஒரு தொழிலே அமைந்தது.

வன்னியார்க்கு இதனை விளக்குதற்குக் கனடாவுக்குப் போகவேண்டியதுமில்லை. வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலை எண்ணிப் பார்க்க. பாக்குத்தெண்டல் முதலில் நிகழும். பின்னர்ச் சிலாவத்தைக் கடலிலே தீர்த்தமெடுப்பர். அவ்வுப்புநீரால் முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலிலே விளக்கெரியும். அதன்பின் வைகாசித் திங்கட்கிழமையிலே வற்றாப்பளையிற் பொங்கல். பாக்குத்தெண்டலுக்குப் புறப்படுவார் சென்ற ஆண்டைய முறையை நினைக்கின்றார். அந்நினைவினுள்ளேயே வரும் பொங்கல் நாள் இருக்கின்றது. முன்னையது போனாற் பின்னையது வாராது. 2009ஆம் ஆண்டு வைகாசியில் அப்பக்கத்து மக்கள் தம் ஊரிலில்லை. செட்டிகுளத்து முகாம்களிலே இருந்தனர். அவர்கள் மீண்டு வந்தபோது அம்முறை மீண்டும் நடைபெற்றமைக்குக் காரணம், அதனை நினைவில் வைத்திருந்தோர் ஒருவரல்லர், பலர் என்பதே. ஒருவர் மறந்த இடத்தை மற்றொருவர் எடுத்துக்கொடுத்தனர். தனியொருவர் நினைவு தளரும்போது இல்லத்தார் செய்யக் கடவதும் இதுவே. அவர் நேற்றை நாம் வைத்திருத்தல் வேண்டும். அவர் நாளையையும் நாமே வைத்திருத்தல் வேண்டும். மருந்து வேளையும், கோயிலுக்குப் போகும் நாளும், மழைக்கு முன் கூரை வேய்தலும் அவர் எண்ண மாட்டாத நாளையைச் சேர்ந்தன.

முதுமையின் தடுமாற்றத்தை நம் புராணம் எவ்வாறு நோக்கியது என்பதற்குப் பெரியபுராணத்திலே ஓர் இடமுண்டு. ஆசிரியர்கள் இதனைப் பலமுறை படிப்பித்திருப்பர்; ஆயினும் இப்பொருளோடு சேர்த்து நோக்கியிருப்பார் சிலரே. சுந்தரமூர்த்தி நாயனார் திருமணப் பந்தரிலே ஒரு கிழவேதியர் வந்து, நீ எனக்கு வழிவழி அடிமை என்று ஓலை காட்டினார். நம்பியாரூரர் நகைத்துப் பித்தன் என்றார். ஓலையைப் பறித்துக் கிழித்தார். திருவெண்ணெய்நல்லூர்ச் சபையிலே மூலவோலை வெளிப்பட்டபோது, மறந்திருந்தவர் கிழவரல்லர், இளையவரே என்பது வெளியாயிற்று. இது யாவரும் அறிந்தது. பின்னர் நிகழ்ந்ததே நாம் கருதுவது. சுந்தரர் திருவதிகையின் புறத்தே சித்தவடமடத்திலே இரவு துயிலும்போது, இறைவன் மீண்டும் முதியவராய் வந்து தம் திருவடி அவர் தலைமேற் படும்படி கிடந்தருளினார். சுந்தரர் விழித்து, என் தலைமேல் அடியை வைத்தீரே என்றார். அம்முதியவர் கூறிய விடை யாது? என் மூப்பு எனக்குத் திசை தெரியாதபடி செய்துவிட்டது என்பதே. சுந்தரர் தலையை வேறு புறத்து வைத்துத் துயின்றார். அங்கும் அடி வந்தது. நீர் யார் என்று சினந்து வினாவியபோது, என்னை நீ அறிந்திலையோ என்று கூறி அவர் மறைந்தார்.

தடுமாறும் முதியவரெல்லாம் சிவபெருமானே என்று யாம் கூற வரவில்லை. அவ்வாறு கூறிவிட்டு அவர்க்குச் சோறூட்ட மறப்பாரையும் யாம் கண்டதுண்டு. இறைவன் எடுத்துக்கொள்ளக் கூசாத வேடம் அது என்பதையே கூறுகின்றோம். சேக்கிழார் அதனை இழிவாகக் காட்டிற்றிலர். அன்றியும் அங்கே, அறிந்திலையோ என்று கேட்டவர் முதியவர், அறியாதிருந்தவர் இளையவர். நம் இல்லங்களிலோ இவ்வினா மறுதலையாக நிகழ்கின்றது. விருந்தினர் வந்த வேளையிலே மறதியுற்ற பாட்டியாரை நடுவில் இருத்தி, “நான் ஆரெண்டு சொல்லுங்கோ பாப்பம்” என்று ஒருவர்பின் ஒருவராய்ச் சோதிப்பர். அவர் விழிக்க, இவர்கள் நகைப்பர். தீங்கு நினையாமலே செய்யப்படுகின்ற தீங்கு இது. பாடசாலையிலே ஒரு குழந்தைக்குத் தெரியாத வினாவையே பலர் முன்னிலையில் மீண்டும் மீண்டும் கேட்டு நகைக்கும் ஆசிரியரை நாம் யாதென்போம்? அருகிற் சென்று, “அம்மம்மா, நான் உங்கட பேரன், மாங்குளத்திலயிருந்து வந்திருக்கிறன்” என்று தாமே உணர்த்திவிடுதல் அரிய காரியமன்று.

உணர்த்துதலுக்கு வழி சொல்லொன்றே அன்று. 1953ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே வலிப்பு நோய் நீக்குதற்காக மூளையில் அறுவை செய்யப்பெற்ற ஹென்றி மொலேசன் என்பவர் அதன்பின் புதிய நிகழ்ச்சி எதனையும் நினைவிற்கொள்ள மாட்டாதவரானார். ஆயினும் கண்ணாடியிற் பார்த்து வரையும் பயிற்சியிலே அவர் கை நாடோறும் திருந்தி வந்ததை பிரெண்டா மில்னர் என்னும் ஆராய்ச்சியாளர் கண்டார். முதல் நாட் பயின்றதை அவர் அறியார், அவர் கை அறிந்திருந்தது. நினைவு பலவகைத்து, எல்லாம் ஒருங்கே அழிவதில்லை. பிள்ளைகளின் பெயரை மறந்த முதியோர் சிலர், யாரேனும் தேவாரத்தின் முதலடியை எடுத்துக்கொடுத்தால் திருக்கடைக்காப்பு வரைக்கும் பிழையின்றிப் பாடிமுடித்தலை யாமும் கேட்டிருக்கின்றோம். இளமையிற் பாடமாக்கியது அடியாழத்திலே கிடக்கின்றது. திருமுறையை மனனஞ் செய்வித்தல் பயனற்ற பழைய முறை என்று கூறும் இக்காலத்தார் இதனையுங் கருதுவாராக. பொருளறியாத மனனத்தை யாம் புகழவில்லை. மனனமேயில்லாத பொருளறிவு முதுமையில் எத்தனை நாள் உடன்வரும் என்று மாத்திரம் வினாவுகின்றோம்.

காரைக்காலம்மையார் இறைவனிடத்து வேண்டியவற்றுள் ஒன்று, மீண்டும் பிறப்புண்டாயின் மறவாமை வேண்டும் என்பது. சுந்தரர் திருப்பாண்டிக்கொடுமுடியிற் பாடியருளிய பதிகமோ, தாம் மறந்தாலும் தம் நா திருவைந்தெழுத்தைச் சொல்லும் என்னும் உறுதிமேல் நிற்கின்றது. மறவாமையை வேண்டுதல் ஒருவகை. மறதி வருமென்று ஒப்புக்கொண்டு, அது வருமுன்னரே நாவைப் பழக்கி வைத்தல் மற்றொருவகை. இரண்டனுள் முதுமையை நோக்கி நடக்கும் நம்மனோர்க்குப் பின்னது மிகவும் அணித்தாகத் தோன்றுகின்றது.

இனி, ஆசிரியையின் வினாவுக்கு வருவோம். தீமையற்ற நன்மையைத் தருமாயின் பொய்யும் மெய்யோடு ஒக்கும் என்னுங் கருத்துத் திருக்குறளின் வாய்மை அதிகாரத்திலேயே உளது. அதனைக் காட்டி, “நீர் செய்தது குற்றமன்று” என்று எழுதிவிட எமக்கு எளிது. யாம் அவ்வாறு எழுதவில்லை. அக்குறளைத் தமக்கு வேண்டியபோதெல்லாம் எடுத்தாள்வாரை நாம் அறிவோம். மறதியுற்றார்க்குச் சொல்லும் பொய் அவர்க்காகச் சொல்லப்படுவதோ, நமக்காகச் சொல்லப்படுவதோ என்பது சொல்லுவோர்க்கே பல வேளைகளில் விளங்குவதில்லை. அன்றியும், நோயின் தொடக்கத்திலே கேட்டதை உள்ளத்தில் நிறுத்த வல்லாராயிருக்குங்கால், அவர் நோயைப் பற்றியேனும், குடும்பத்து இழவைப் பற்றியேனும் அவரை ஏமாற்றுதல் ஒருவாற்றானும் தகாது. அறிந்து அழுது ஆறுதற்குரிய வலிமை அவர்க்கு அப்பொழுது உண்டு. அதனை அவர் கையினின்றும் பறித்தற்கு நாம் யார்?

ஆறுதற்கு இயலாத நிலை வந்தபின் செய்தி வேறாகின்றது. நாடோறும் இழவுச்செய்தியைப் புதிதாய் அறிவித்தல் வாய்மையாகாது. ஆறிய புண்ணை நாடோறும் கீறுதலாம். பிறர்க்குத் தீங்கு பயவாத சொல்லே வாய்மை என்பதே அவ்வதிகாரத்தின் தொடக்கம் என்பதை ஆசிரியைக்கு நினைப்பூட்டினோம். ஆயினும் ரியூசன் என்னும் பொய்யும் வேண்டியதில்லை. அத்தாயின் வினாவுக்கு மெய்யான விடை ஒன்று உளது. “தம்பி வந்திட்டானோ?” என்று கேட்கின்றார். வந்திலன். “இன்னும் வரேல்லை அம்மா” என்பது முழுமெய். 2017ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 20ஆந் திகதி கிளிநொச்சிக் கந்தசாமி கோயில் முன்றிலிலே காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் போராட்டந் தொடங்கினர். ஆண்டுகள் பல கழிந்தும் அவர்களும், நினைவு குன்றாதவர்களாயிருந்தும், இதற்கு மேற்பட்ட விடை யாதும் பெற்றிலர். மறந்த தாய்க்கும் மறவாத தாய்க்கும் உண்மை இவ்வொரு சொல்லளவிலேயே நிற்கின்றது. அதற்குப் பின்னர், “தம்பிக்கு என்ன கறி விருப்பம் அம்மா?” என்று கேட்டுப் பார்க்கும்படியும் எழுதினோம். அப்பொழுது நினைவுடையவர் தாயாகின்றார்; கேட்போர் மகளார். மாணாக்கரின் பக்குவம் அறிந்து, அவர் தாங்குமளவு பொருளை அவர் தாங்கும் வேளையிற் கொடுக்கும் ஆசிரியரைப் பொய்யரென்று யாரும் கூறார்.

மறதியுற்றார்மாட்டு நிகழும் மெய்யான பொய் வேறிடத்துளது. அதனைக் கூறாதுவிடின் இக்கட்டுரை குறையுடையதாகும். வன்னியிலே குடியேற்றக் காணிகள் பல 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் பெற்றவை. அப்பத்திரத்துக்கு உரியவர் தமக்குப்பின் உரியாரைப் பெயர் குறித்துப் பதிதல் வேண்டும். இடப்பெயர்வுகளிலே உறுதியும் பத்திரமும் இழந்த குடும்பங்கள் எத்தனையோ. எல்லைப் பனை எது, பழைய கிணறு எது என்பதற்கு முதியவர் நினைவே சான்றாய் எஞ்சிய இடங்களும் உள. அந்நினைவு தளர்வதைக் கண்டு ஓடிச்சென்று பெருவிரல் ஒற்றி வாங்குவாரும் உளர். மாலைப்பொழுதில் ஒரு பொய் கூறி வருந்தும் மகளாரினும், வருந்தாமற் கைந்நாட்டு வாங்கும் இவர்களே வாய்மையதிகாரத்தை மீண்டும் படிக்கற்பாலர். பெற்றோரை வேண்டுமென்றே கைவிடலாகாது என்று 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மூத்தோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் விதித்தது. சட்டம் எட்டாத அறைகளுள்ளே நிகழ்வதற்குச் சுற்றத்தாரே காவல். அறிவு தெளிவாயிருக்கும்போதே பின்னுரித்தாளரைப் பதிந்து, செய்யவேண்டியவற்றைப் பிள்ளைகள் எல்லாரையும் ஒருங்கு வைத்துக் கூறிவிடுதல் நன்று. அதனை அபசகுனம் என்று தள்ளுவார், வழக்கிற்கு வித்திட்டுச் செல்வார்.

ஆசிரியர்க்கு இன்னுமொன்று. லான்செற்று என்னும் மருத்துவ இதழின் ஆய்வுக்குழு 2024ஆம் ஆண்டில், மறதி நோய்க்கு ஏதுவாவனவற்றுள் மாற்றத்தக்கன 14 என வகுத்து, அவற்றை நீக்கினால் நோயில் ஏறக்குறைய நூற்றுக்கு 45 பங்கு தடுக்கவோ தாழ்த்தவோ கூடும் என்று கணித்தது. இரத்த அழுத்தம், செவிப்புலக்குறை, தனிமை, தலையிற்பட்ட ஊறு என்பவற்றோடு இளமையிற் கல்விக் குறைவும் அவற்றுள் ஒன்று. போர்க்காலத்திலே மரநிழலிலும் தறப்பாளின் கீழும் படித்தும் படியாமலும் வளர்ந்த வன்னிப் பிள்ளைகள் முதுமையெய்த இன்னும் பல்லாண்டுகள் உள. அவர்கள் பிள்ளைகளே இன்று நம் வகுப்புகளில் இருக்கின்றனர். வரவிடாப்பிலே நெடுநாள் வாராத மாணாக்கன் பெயருக்கு நேரே வெறுங்கோடு இடும்போது, அறுபதாண்டின் பின்னுள்ள ஒரு முதியவரையும் சேர்த்தே நினைத்தற்கு இடமுண்டு.

ஆசிரியையிடமிருந்து அண்மையில் மற்றொரு கடிதம் வந்தது. “இன்னும் வரேல்லை” என்னும் விடையைத் தாயார் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கின்றார் என்றும், சில நாள் அழுகின்றார் என்றும், அழும் நாளிலே இருவருமாகச் சுவாமி படத்தின் முன் இருந்து தேவாரம் பாடுகின்றனர் என்றும் எழுதியிருந்தார். இப்பொழுது வேறொரு மாற்றமும் நேர்ந்துளதாம். ஒருநாள் மாலை தாயார் அவரை நெடுநேரம் உற்றுநோக்கி, “நீ ஆற்றை பிள்ளை?” என்று கேட்டார். “உங்கட மகள், அம்மா” என்றார் இவர். தாயார் சிறிது நேரம் ஒன்றும் பேசாதிருந்து, பின்னர், “அப்ப சரி. சாப்பிட்டியோ, பிள்ளை?” என்றாராம்.